ஏரிக்கரைக்குக் குழாய் வைத்தவன்

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிழக்கே போய்க் கடற்கரைக் கல்சுவரின்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல சுவர்தான். பெரிய பெரிய கருங்கல். அதில் ஒரு கல் புரண்டால் மறுநாள் பேப்பரில் படம் வரும். ஊருக்கு மேற்கே, உழவர்கரைப் பக்கம், இன்னொரு கரை இருக்கிறது. அது வெறும் மண். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டு வரும் வெள்ளத்தை ஏரியாகப் பிடித்து நிறுத்தி, ஊர் முழுகாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது அந்த மண்ணின் வேலை. அது புரண்டால் படம் எடுக்கிறவனும் சேர்ந்து போவான்.

அந்த மண்கரையின் காலடியில்தான் எங்கள் நகர். ஏரி நிரம்பினால் அதன் தண்ணீர் மட்டம் எங்கள் வீட்டு மின்விசிறிக்கு நேராக நிற்கும். இதைத் தெரிந்துகொண்டே மனை வாங்கினோமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: நாங்கள் வாங்கியது கோடையில்.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துத் தருவேன். எழுதத் தெரியும், வேறு உருப்படியான வேலை இல்லை என்ற இரண்டு தகுதிகளால் நகர் நலச்சங்கத்தின் செயலாளர் ஆனேன். அந்தப் பதவியில் நான் செய்ததைத்தான் எழுதப் போகிறேன். மற்றவர்களையும் திட்டப் போகிறேன். ஆனால் முதல் அடி எனக்கு.

எங்களுக்குக் கரை என்றால் வாக்கிங் போகும் இடம். ஏறுவதற்குச் சிரமமாக இருந்தது என்று சரிவை வெட்டிப் படி வைத்தோம். மேலே போனதும் மூச்சு வாங்கியது என்று குழி தோண்டிச் சிமெண்ட் பெஞ்சு நட்டோம். கரையை ஒட்டிய முதல் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் அதன் காலைச் செதுக்கிவிட்டுக் கார் நிறுத்தினார். கேட்டால், "மண்ணு சும்மாதானே கெடக்குது?" என்றார். நான் என் பங்குக்கு, பசுமை இயக்கம் என்று பேனர் அடித்து, கரையின் வயிற்றில் இடுப்பளவுக்குக் குழி போட்டு வேம்பும் புங்கமும் நட வைத்தேன். அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன். குனிந்தால் போட்டோவில் வழுக்கை விழும்.

மண்கரைக்குள் வேர் போனால் வேரோடு தண்ணீரும் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பொதுப்பணித் துறைக்காரர்கள் மேடையில் என் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

முதல் வரிசையில் கடைசி வீடு என் அக்காவுடையது. அவள் வீட்டுப் பின்சுவருக்கும் கரையின் காலுக்கும் நடுவில் ஒரு கொடி கட்டித் துணி காயப்போடும் இடம்தான் இருக்கும். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். கரைக்கு ஏதாவது ஆனால் முதலில் போவது அந்தக் கட்டில்தான். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் கண்முன்னால் வருவதும் அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் அந்தத் துணி காயும் இடத்தில் தரை ஈரமாயிற்று. பிறகு சின்னதாக ஒரு ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. அக்கா பார்த்தாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு மஞ்சள் துண்டு, குங்குமம், இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டாள்.

"கங்கையம்மா வந்துருக்காடா," என்று போன் செய்தாள்.

"வரட்டும். ஆதார் கார்டு கேட்டு வாங்கி வை, ஜெராக்ஸ் எடுத்துடலாம்," என்றேன்.

"வாய் அழுவிப்போயிடும் உனக்கு."

ஒரு வாரத்தில் வேப்பிலைக் கொத்து, சூலம். ஒரு மாதத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சாரம், அரியாங்குப்பம் பக்கங்களிலிருந்து பாட்டிலோடு ஆட்கள் வந்தார்கள். அக்கா தினமும் காலையில் அந்தத் தண்ணீரை ஒரு ஸ்பூன் மாமா வாயில் விட்டாள். நாலைந்து மாதத்தில் அவருடைய இடதுகை விரல்கள் இரண்டு அசைந்தன. தினமும் வந்து அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண்ணுக்கு ஒரு காபி கிடைத்தது. கங்கையம்மாவுக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது.

நான் சாமி இல்லை என்று பேசுகிறவன். ஆனால் கூட்டம் வந்தால் பேனர் போடுகிறவன். தண்ணீர் வீணாக வழிந்து சேறாகிறது என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது யோசனை சொன்னது நானேதான். ஊற்றுக் கண்ணைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு அடைத்து, மேலே தொட்டி கட்டி, பூப்போட்ட டைல்ஸ் ஒட்டி, ஒரு பித்தளைக் குழாய் வைத்துவிடலாம். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். கலவை போட்டதும் நான்தான். மேஸ்திரியை நகரச் சொல்லிவிட்டுக் கரண்டி பிடித்து, கண்ணின் விளிம்பை நானே பூசினேன். ஒரு சொட்டு கசியவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அது.

ஒவ்வொரு மழைக்கு முன்பும் துறையிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். ஜீப் கரைமேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ஏசி இருப்பதால் கண்ணாடி இறக்க மாட்டார்கள். அந்த வருஷம் மட்டும் இறங்கி வந்தார்கள். பொங்கல் கொடுக்கிறோம் என்று கூப்பிட்டிருந்தோம். மேலதிகாரி குழாயைத் திறந்து தலையில் மூன்று முறை தெளித்துக்கொண்டு, பதிவேட்டில் 'கசிவு ஏதும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். எழுதும்போது அவர் நெற்றியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. ஏரிக்கரையின் காலில் தண்ணீர் வந்தால் அதற்குப் பெயர் கசிவு என்று படித்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவர் அவர்.

போன ஐப்பசியில் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வந்தது. ஆனால் எங்கள் குழாயில் தண்ணீர் குறைந்தது, ஒருநாள் நின்றும் போனது. தொட்டியிலிருந்து நாலடி தள்ளி, அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரோரம், புதுக் கண் ஒன்று திறந்தது. அதைச் சுற்றி நைசான மணல் வட்டமாகக் குவிந்து எறும்புப் புற்று மாதிரி இருந்தது. நடுவில் தண்ணீர் கொப்பளித்தது.

"அம்மாவுக்கு எடம் பத்தலடா. நகந்து வந்துட்டா," என்றாள் அக்கா.

இடம் பத்தவில்லை என்றால் பெரிதாகக் கட்ட வேண்டியதுதானே? இரண்டையும் சேர்த்துத் தகரக் கொட்டகை போட அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரி இல்லை. புதிதாக வந்திருந்த ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், ஒரு பெண். மனுவை வாங்கிப் படித்தார். சின்ன வயசு. முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டார்.

"சார், ஊத்து எங்க இருக்கு? ஏரிக்குள்ளயா, கரைக்கு வெளியவா?"

"வெளிய மேடம். கரைக்குக் கீழ."

"தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா?"

"தீர்த்தம் மேடம், அதப் போயி..."

"தெளிவா, கலங்கலா?"

கொஞ்சம் டீ கலரில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என் வண்டிக்கு முன்னால் அவர் ஸ்கூட்டர் போனது. நான் வழி சொல்ல வேண்டியவன், பின்னால் துரத்திக்கொண்டு போனேன்.

வந்ததும் அக்காவிடம் ஒரு கண்ணாடி பாட்டில் கேட்டார். புதுக் கண்ணிலிருந்து நிரப்பிச் சுவர்மேல் வைத்தார். "கொஞ்ச நேரம் பாப்போம்," என்று அங்கேயே நின்றார். அக்கா பூஜைக்குத்தான் பாட்டில் கேட்கிறார் என்று நினைத்துப் பூ கொண்டுவந்து அதன் கழுத்தில் சுற்றினாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்தது.

"இது என்னா தெரியுதா?" என்றார் என்னிடம்.

"மண்ணு."

"எந்த மண்ணு? கரைக்குள்ள இருக்கிற மண்ணு. உள்ள ஒரு வழி போட்டு அரிச்சிக்கிட்டு வருது. தெளிவா வந்தவரைக்கும் பரவாயில்ல. தண்ணி வெளிய வரட்டும், மண்ணு உள்ளயே நிக்கணும். நீங்க வாயில சிமெண்ட் வச்சி அடைச்சீங்க, அது வேற வழி தோண்டிடுச்சு. யாரு சார் இந்த அறிவாளி?"

நான் மேஸ்திரி என்று சொன்னேன். அன்றைக்குச் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் மற்றவை சின்னவையாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு. தொட்டியை உடைத்து, கண்கள் இருக்கும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று குவிக்க வேண்டும். தண்ணீர் அதன் வழியாக வெளியேறும், மண் நின்றுவிடும். கூடவே, உபரித் தண்ணீர் வழிந்து ஓடும் கலிங்கலில் அடுக்கியிருக்கும் மணல் மூட்டைகளை எடுத்து ஏரி மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த மூட்டைகளை அடுக்கியவர் எங்கள் சங்கத் தலைவர். அவர் மனை வியாபாரி. ஏரி தளும்பி நின்றால்தான் எதிர்ப்புறத்து மனைகளுக்கு 'லேக் வியூ' என்று பேர் போட முடியும். அந்த போர்டை அடித்துக் கொடுத்தது எந்தக் கடை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

"மழ முடியட்டும்யா," என்றார் தலைவர். "வர்றவன் பாக்கறப்ப ஏரி காஞ்சி கெடந்தா என் பொழப்பு என்னாவறது?"

"கரை போனா?"

"எத்தினி வருஷமா நிக்குது! நீ வந்து நட்ட செடியால போயிடுமா? போய் பேனர் அடி, போ."

மேலதிகாரிக்குப் போன் செய்த ஜே.இ. ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்கட்டும் என்று. "சாமி சம்பந்தப்பட்டது, கை வைக்காதம்மா. கார்த்திகை போகட்டும், ஃபைல் போடு. பப்ளிக்கைப் பயமுறுத்தாத," என்று குரல் வந்தது. வெள்ளத்தைக் கார்த்திகை போகிறவரைக்கும் தள்ளிவைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது போல. நான் அன்று மாலையே புகார் எழுதினேன். நாலு பிரதி எடுத்து நாலு இடத்துக்கு அனுப்பினேன். நாலு இடமும் அதை அந்த மேலதிகாரிக்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று திருப்பி அனுப்பின.

அப்புறம் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் புதுக் கண் கைவிட்டு எடுக்கும் அளவுக்குப் பெரிதாகி, சாம்பல் நிறத்தில் கக்கியது. ஜே.இ. எங்கேயோ ரோடு வேலைக்கு இறக்கியிருந்த மணலையும் ஜல்லியையும் ஒரு டிப்பரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"தொட்டிய நான் உடைக்க முடியாது சார். எழுத்துல உத்தரவு இல்ல. கட்டினவங்களே உடைச்சா, நான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

கட்டினவன் நான்தானே, வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தேன். அக்கா தொட்டியின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் கோணி.

"இறங்குக்கா."

"மாட்டேன். ஒடச்சின்னா அவரு வெரலு நின்னுடும்."

"வெரலு நிக்கறது கெடக்கட்டும், ஆளே நிக்கமாட்டாரு. கரை அரிக்குது."

"கரைய அரிக்கறது நீங்க. கால வெட்டனீங்க, குழி தோண்டனீங்க, மூட்ட அடுக்கனீங்க. எங்கம்மா மேல பழி போடுறியா? நீதான்டா கையால பூசன. அன்னிக்கு மட்டும் சாமி இருந்தாளா?"

எல்லாம் நிஜம். அந்தத் தெருவில் யாரும் என்னிடம் அவ்வளவு நிஜத்தை ஒரே மூச்சில் சொன்னதில்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்வேன். வாயைத் திறந்தால் மழைத் தண்ணீர்தான் உள்ளே போயிற்று.

ஜன்னல் வழியாக மாமாவின் குரல் வந்தது. வாய் கோணியதிலிருந்து அவர் பேச்சு குழறும், ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"ஏண்டி, கட்டிலுக்கு அடியில தண்ணி வந்துடுச்சு. என்ன மொதல்ல வெளிய தூக்குங்கடா. அப்புறம் சண்ட போடுங்க."

உள்ளே ஓடினோம். சமையலறைத் தரையில் அம்மிக்கல்லின் பக்கத்தில் ஒரு டைல்ஸ் எழும்பி, அதன் கீழிருந்து சாம்பல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாலு பேர் மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். மழையில் நனையாமலிருக்க ஒருவர் என் பழைய பேனர் ஒன்றை அவர்மேல் பிடித்தார். அக்கா தொட்டியையும் பார்த்தாள், நாற்காலியையும் பார்த்தாள். பிறகு இறங்கி, நாற்காலியின் பின்னால் போனாள். போகும்போது என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மூன்று நாள் வலித்தது.

சிமெண்ட் நன்றாகத்தான் போட்டிருந்தேன். ஏழெட்டு அடிக்குப் பிறகுதான் விரிசல் விட்டது. விட்டதும் அடைபட்டிருந்த தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. மண்ணும் சரளையும் வாய்க்குள் போயின. துப்பிக்கொண்டே உடைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒருவரைத் திட்டினேன்: தலைவரை, மேலதிகாரியை, ஏசி ஜீப்பை, கார் நிறுத்தியவரை. கடைசிப் பகுதி நான் பூசிய விளிம்பு. அதை உடைக்கும்போது சொன்ன கெட்ட வார்த்தையைக் கேட்டு ஜே.இ. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவே வரிசையில் நின்று சட்டியில் மணல் கொட்டியது. அப்புறம் ஜல்லி. பெண்கள் கும்பல் ஒன்று கலிங்கலுக்குப் போய் மூட்டைகளை இழுத்துத் தள்ளியது. தலைவர் குடை பிடித்துக்கொண்டு, "யார் மேல கேஸ் போடறதுன்னு தெரியும்," என்று கத்தினார். அவர் குடையை யாரோ பிடுங்கி ஜல்லிக் குவியல்மேல் போட்டார்கள். பகல் முழுக்கக் கொட்டிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் ஜல்லி இடுக்குகளிலிருந்து வந்த தண்ணீர் தெளிந்தது. ஜே.இ. அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

கரை நின்றது. நகரில் ஒரு உயிர் போகவில்லை. உயிர் போகாததால் அது செய்தியும் இல்லை.

துறை அறிக்கையில் 'சிறிய ஈரப்பதம் கண்டறியப்பட்டு உடனடியாகச் சீர்செய்யப்பட்டது' என்று எழுதினார்கள். உடனடியாக! இரண்டு வருஷம் தலையில் தெளித்துக்கொண்ட பிறகு உடனடியாக! அனுமதி இல்லாமல் ரோட்டு மணலை எடுத்ததற்காக ஜே.இ.க்கு விளக்கம் கேட்டு நோட்டீசு, அடுத்த மாதம் காரைக்காலுக்கு மாற்றல். வழியனுப்பப் போனபோது, "மரங்களை வேரோட பிடுங்காதீங்க சார், ஓட்டை விழும். பெரிசாகறதுக்குள்ள வெவரம் தெரிஞ்ச ஆளைக் கேட்டுப் பண்ணுங்க," என்று மட்டும் சொன்னார். யாரைக் கேட்பது? கேட்க இருந்த ஒரே ஆள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

அக்காவும் மாமாவும் சாரத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமா விரல் நிற்கவில்லை, மூன்றாவது விரலும் லேசாக அசைகிறது. அக்கா என்னிடம் பேசுவதில்லை. நான் போனால் மாமாவிடம், "வந்திருக்காங்க பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் இன்னொரு டிப்பர் வந்தது. இந்தத் தடவை மணல் இல்லை, டைல்ஸ். ஏரிக்கரை அழகுபடுத்தும் வேலை. நாங்கள் கொட்டிய ஜல்லிக் குவியல் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, செல்ஃபி எடுக்கும் மேடை கட்டப் போகிறார்கள். உத்தரவில் கையெழுத்து அதே மேலதிகாரி. இதற்கு மட்டும் எழுத்தில் உத்தரவு இருந்தது.

நான் கடையை மூடிவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுபோய் ஜல்லிக் குவியலின் உச்சியில் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது, நான் மறுபக்கம் சாய்ந்து சமாளித்தேன். சூப்பர்வைசர் நல்ல பையன். "சார், எறங்குங்க சார். வேல கெடுது," என்றார். மாட்டேன் என்றேன். "நீங்க யாரு சார்?" என்றார். செயலாளர் என்று சொல்ல வாய் கூசியது.

யார் சொன்னார்களோ தெரியவில்லை, பதினோரு மணிக்கு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஜல்லிமேல் செருப்பு வழுக்க வழுக்க ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"தம்பி, டைல்ஸு போடணும்னா எங்க சமையல் ரூம்ல வந்து போடுப்பா. அங்கதான் தரை பேந்து கெடக்கு. இதுமேல ஒரு சட்டி கலவ உழுந்திச்சி, உன்ன சேத்து வச்சி பூசிடுவேன்."

அவர் போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே டிப்பர் நிழலுக்குப் போனார். அக்கா ஜல்லிமேலேயே உட்கார்ந்தாள். எதிரே பார்த்தபடியே சொன்னாள்:

"நீ சிமெண்ட் ஆளாச்சே. உனக்கு இங்க என்னா வேல?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் ஜல்லியில் உட்கார்ந்தேன். குத்தியது. மேலதிகாரி வருகிறார் என்று டிப்பர் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"வரட்டும்," என்றாள் அக்கா. நாங்கள் எழுந்திருக்கவில்லை.